ஒன்பதாவது கேள்வி

ஆபீஸில் எனக்கு அடுத்த ஸீட்காரரை எல்லோரும் 'சார்ஜ்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஸார்ஜென்ட் என்பதன் சுருக்கமாம். எனக்கு ரொம்ப நாள் பேட்டரி ஞாபகம்தான் வந்துகொண்டிருந்தது. ஈராக்கில் இரண்டு தடவை சண்டை போட்டுவிட்டு வந்தவர், இப்போது இன்ஷூரன்ஸ் ப்ரோக்ராமில் என்னோடு உட்கார்ந்து தப்புக் கண்டுபிடிக்கிறார். ஊர், டெக்ஸாஸில் ஸான் ஆன்டோனியோ. பட்டாளத்து முகாம்கள் நிறைந்த ஊர். தடுக்கி விழுந்தால் ஒரு எக்ஸ்-மிலிட்டரி மேல்தான் விழவேண்டும்.

என்னை அவர் 'பட்டி' என்பார். மலையாள ரூம்மேட் பதறிப் போய்விட்டான். அவன் பாஷையில் அது நாய்! நான் அதைத் 'தம்பி' என்று மொழிபெயர்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன்.

2023 அக்டோபரில் மெய்ன் மாநிலத்து லூயிஸ்டனில் ஒருவன் 18 பேரைச் சுட்டுக் கொன்றான். ராணுவ ரிசர்வ் படை ஆள். அந்த சனிக்கிழமை சார்ஜ் தன் பழைய பட்டாளத்து சிநேகிதர்கள் கூடும் டாக்கோ கடைக்கு என்னையும் அழைத்துப் போயிருந்தார். உருளைக்கிழங்கு டாக்கோவை ஒரு கடி கடித்துவிட்டு, சும்மா இருக்காமல் வாயைத் திறந்தேன்.

"மனசு சரியில்லாதவங்களைப் பரிசோதிச்சு துப்பாக்கியை வாங்கி வச்சுட்டா என்ன?"

மேஜை அமைதியாகிவிட்டது. வியட்நாம் தொப்பி போட்ட பெரியவர் மட்டும் என்னைப் பார்த்தார், புது ரெக்ரூட்டைப் பார்ப்பதுபோல.

என் மேலும் ரொம்பத் தப்பில்லை. வேலூர்ப் பக்கம் என் சித்தப்பாவும் எக்ஸ்-சர்வீஸ்மேன்தான். பாங்க் வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அந்த லைசென்ஸுக்காகக் கலெக்டர் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், டாக்டர் சர்ட்டிபிகேட் என்று அவர் தேய்த்த செருப்பு கணக்கில்லை. நம் ஊரில் துப்பாக்கி என்பது சர்க்கார் பார்த்துக் கொடுக்கிற அனுமதி. இங்கே அது பிறவி உரிமை. டெக்ஸாஸில் 2021-லிருந்து பெரும்பாலானவர்கள் லைசென்ஸே இல்லாமல் இடுப்பில் சொருகிக்கொண்டு நடக்கலாம்.

பெரியவர் சொன்னார்: "டாக்டர்கிட்ட தூக்கம் வரலைன்னு சொல்லு. நாளைக்கு அது கம்ப்யூட்டர்ல ஏறும். நாளன்னிக்குக் கதவைத் தட்டுவான். நான் எந்த ஃபாரம் குடுத்தாலும் எல்லாத்துக்கும் சைபர்தான் போடுவேன்."

அப்புறம் நான் படித்துப் பார்த்தேன். சட்டப்படி அப்படி இல்லை. 1968-ஆம் வருஷத்து மத்திய சட்டம், கோர்ட்டோ அதுபோன்ற அதிகாரமோ மனநிலை பற்றித் தீர்ப்பு சொன்னவர்களுக்கும், கட்டாயமாக மனநல ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களுக்கும்தான் துப்பாக்கியைத் தடுக்கிறது. தானாகப் போய் டாக்டரிடம் அழுதால் அதில் சேராது. ஆனால் பெரியவரின் பயமும் ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஒருவரால் பென்ஷன் பணத்தைத் தானே நிர்வகிக்க முடியாது என்று முடிவு செய்து வேறு ஆளை நியமித்தால், முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை அவர் பெயரை எஃப்.பி.ஐ.யின் தடைப் பட்டியலுக்கு அனுப்பிவந்தது. ஜட்ஜும் கிடையாது, கோர்ட்டும் கிடையாது! அந்தக் கணக்குப்படி மாதம் 25 தேதிக்கு மேல் என் கையில் காய் நறுக்கும் கத்திகூட இருக்கக் கூடாது. 2024 மார்ச்சில் அமெரிக்க காங்கிரஸ், ஆபத்தானவர் என்று நீதிபதி சொன்னாலொழியப் பெயரை அனுப்பக் கூடாது என்று பட்ஜெட் சட்டத்தில் சேர்த்தது.

எதிரே இருந்த ஒரு அம்மா, முன்னாள் ராணுவ நர்ஸ், பெரியவரை விடவில்லை. "லூயிஸ்டன்காரனை அந்தக் கோடையிலதான் ரெண்டு வாரம் மனநல ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க. வெளியே வந்தான். துப்பாக்கி வீட்டிலேயே இருந்தது. உங்க உரிமை சரி, அந்தப் பதினெட்டு பேரோட உரிமை? அதை விடுங்க. நம்ம ஆளுங்க சுடறது பெரும்பாலும் அடுத்தவனை இல்லை, தன்னைத்தான்."

அரசாங்கக் கணக்கு அந்த அம்மா பக்கம்தான். 2022-ல் தற்கொலை செய்துகொண்ட முன்னாள் ராணுவத்தினர் 6,407 பேர். நாளைக்குப் பதினேழு, பதினெட்டு. நூற்றுக்கு 73 பேருக்கு மேல் துப்பாக்கியால்.

சார்ஜ் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்கோவையும் முடிக்கவில்லை. நான் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை.

2024 பிப்ரவரியில் ஒரு ராத்திரி, மணி ஒன்று. போன்.

"தூங்கிட்டியா தம்பி?"

"இல்லை சார்ஜ்." பொய்.

"வீட்டில அஞ்சு துப்பாக்கி இருக்கு. இன்னிக்கு ராத்திரி அது இங்கே இருக்க வேண்டாம்னு தோணுது."

எனக்குக் கால் நடுங்கியது. முதலில் அவருக்காக, அடுத்த நிமிஷமே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், விசாவுக்காக. என்னைப்போல் வேலை விசாவில் இருப்பவன் இங்கே துப்பாக்கி வைத்திருப்பது பொதுவாகக் குற்றம். திக்கித் திணறி அதைச் சொன்னேன்.

"நீ தொடவே வேண்டாம். பின்னாடி வா, போதும்."

அவர் டிரக் முன்னால், என் பழைய கரோலா பின்னால். மூன்று கார் இடைவெளி விட்டுத்தான் ஓட்டினேன். நர்ஸ் அம்மா வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. அஞ்சையும் தன் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுக் காபி போட்டார்.

"இது நானா குடுத்தது. யாரும் பிடுங்கலை," என்றார் சார்ஜ். மூன்று தடவை சொன்னார்.

அடுத்த வாரம் முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். கையில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி என்று ஒன்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்று வரை. ஒன்பதாவது, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்பது. இதற்கு முன்னெல்லாம் பத்து செகண்டில் ஒன்பது சைபர் போட்டு நீட்டிவிடுவாராம்.

அன்றைக்குப் பேனா எட்டாவதோடு நின்றுவிட்டது.

"இதில நிஜத்தை எழுதினா எடுத்துக்குவாங்களா?"

படித்ததையெல்லாம் ஒப்பித்தேன்.

"நீ வக்கீலா?"

"இல்லை. ப்ரோக்ராமர்."

"அப்ப நம்பலாம். அந்தப் பக்கம் திரும்பு."

சுவரில் இருந்த டி.வி.யைப் பார்த்துக்கொண்டேன். என்ன போட்டார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் உள்ளே போனவர் ஒன்றரை மணி நேரம் வரவில்லை. மெஷினில் இரண்டு பாக்கெட் சிப்ஸ் வாங்கித் தின்றுவிட்டேன்.

வெளியே வந்தவர் கையில், துப்பாக்கிக்கு மாட்டும் கம்பிப் பூட்டு ஒன்று. அங்கே இலவசமாகக் கொடுப்பார்கள்.

"வீட்டில துப்பாக்கியே இல்லை. பூட்டு குடுத்திருக்கான்!" என்று சிரித்தார். ரொம்ப நாளைக்கப்புறம்.

கோடையில் அஞ்சில் மூன்று திரும்பி வந்தன. இரண்டு அந்த அம்மாவிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். மூன்றில் ஒன்றுக்கு அந்தப் பூட்டைப் போட்டிருக்கிறார். டாக்கோ கடைப் பெரியவர், சார்ஜ் முட்டாள்தனம் பண்ணிவிட்டதாகத்தான் இன்னும் சொல்கிறார். ஆனால் தனக்கும் அப்படியொரு பூட்டு கிடைக்குமா என்று போன மாதம் தனியாக விசாரித்தாராம்.

ராத்திரி ஒரு மணிக்கு இப்போதும் எப்போதாவது போன் வரும். தூங்கிட்டியா தம்பி என்பார். இல்லை சார்ஜ் என்பேன்.