வெயில் கேட்கும் செடி

மொட்டைமாடியில் என்ன வைக்கலாம் என்று யார் கேட்டாலும் முதலில் நித்தியகல்யாணியைத்தான் சொல்வேன். மடகாஸ்கர்தான் அதன் தாய்மண். இன்று நம் தண்டவாள ஓரம், சுடுகாடு, கோயில் மதில் என்று எங்கும் வேர்பிடித்து நிற்கிறது. ஆடு மாடு வாய் வைக்காது.

செம்மண்ணில் தாராளமாக மணல் கலந்தால் போதும். உச்சிவெயிலில் இலை துவண்டால் உடனே தண்ணீர்க் குடத்தைத் தூக்காதீர்கள். சாயங்காலம் தானே நிமிரும். மேல்மண் காய்ந்தபின் ஊற்றுங்கள். வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும், பிறகு காப்பாற்றுவது கஷ்டம். ஐப்பசி அடைமழைக்குத் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடுவேன். தண்டு நீண்டு அடிப்பக்கம் மொட்டையானால் பாதிக்கு வெட்டுங்கள். பக்கக் கிளைகள் விட்டுக் கொத்தாகப் பூக்கும்.

ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஏற்றும் வின்கிரிஸ்டின் மருந்து இந்தச் செடியிலிருந்து வந்ததுதான். இதற்காகவே இதன்மேல் எனக்குத் தனி மரியாதை. ஆனால் ஒன்று, சர்க்கரைக்கு நல்லதென்று யாரோ சொன்னார்கள் என்று பூவையும் இலையையும் மென்று தின்னாதீர்கள். நச்சுத்தன்மை உண்டு. கிளை வெட்டியதும் கையைக் கழுவுங்கள், தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் தொட்டியை உயரத்தில் வையுங்கள்.