எருத்தொட்டியில் ஒரு குவளை

தமிழகம் விட்டு வந்து வடபுல நகரங்களில் வாழும் நம்மவர் பலர், பால்கனியில் மண்தொட்டி வைத்து அடுக்களைக் கழிவை எருவாக்கி வருகின்றனர். காய்த்தோலும் காப்பிச் சக்கையும் இடுவதில் எவருக்கும் ஐயமில்லை. விருந்தினர் மிச்சம் வைத்துச் சென்ற மதுவை இடலாமா என்பதே தயக்கம் தரும் வினா.

அளவறிந்தால் இடலாம். பீரில் சாராயம் பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து பங்குதான். எஞ்சியது நீரும் சிறிது மாவுச்சத்துமே. தொட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் துணைகொண்டு அச்சாராயத்தைக் காடியாக்கி, பின்னர் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடுகின்றன. விஸ்கி, ரம் முதலியன அவ்வாறல்ல. நம் நாட்டில் அவற்றின் சாராய அளவு வழக்கமாக 42.8 விழுக்காடு. அப்படியே ஊற்றினால் எருவாக்கும் நுண்ணுயிர்களே மடியும். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்துச் சிறிதே தெளித்தல் வேண்டும். எதுவாயினும் ஒரு குவளைக்கு மேல் வேண்டாம். ஈரம் மிகுந்தால் காற்றுப் புகாது, நாற்றம் எழும். உடனே உலர்ந்த சருகு இட்டுக் கிளறிவிடுவது நலம். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றி எருவாக்கும் முறையொன்றை வகுத்த ஆல்பர்ட் ஹோவர்டு கருத்தூன்றியதும் ஈரமும் காற்றும் ஒத்திருப்பதிலேதான்.

இவ்வளவையும் என் அன்னையாரிடம் விளக்க நேர்ந்தது. தில்லியில் எங்கள் இல்லத்துக்கு வந்திருந்த மகனின் நண்பர்கள் அரைப் புட்டி பீரை விட்டுச் சென்றிருந்தனர். தொட்டியருகே அதனுடன் நின்ற பேரனைக் கண்டு அவர் முகம் வாடிற்று. காரணம் எனக்குத் தெரியும். என் தந்தையார் பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்த புட்டிகளை, அவர் உறங்கியபின் முற்றத்துச் சாக்கடையில் கவிழ்த்தவர் அவர். அதுபற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய்திறந்ததில்லை.

"நீயும் குடிச்சியா?" என்றார்.

"ஒரு டம்ளர், பாட்டி," என்றான் அவன், ஒளிக்காமல்.

நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "உங்க தாத்தா ஒரு நாளும் இப்படி நேராச் சொன்னதில்லே. நான் கொட்டினதெல்லாம் சாக்கடைக்குத்தான் போச்சு. இதாவது செடிக்குப் போகட்டும்" என்றார். அவன் ஊற்ற, அவரே சருகைப் பரப்பினார்.

அந்த எரு இப்போது கறிவேப்பிலைக்குப் போகிறது. துளசிக்கு மட்டும் வேறு எருதான். அதில் அன்னையார் இணங்கவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.