முளை பார்க்கும் உத்தியோகம்

ஹாக்கி என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது புல்தரையும் வளைந்த மட்டையும் தியான் சந்தின் பெயருந்தான். கனடா தேசத்திலோ அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்: பனித்தளத்தின்மேல் சறுக்குக் காலணி கட்டிய இளைஞர்கள், மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலக் கனமுமுள்ள கறுப்பு ரப்பர் வட்டு ஒன்றைத் துரத்திப் பறக்கும் விளையாட்டு. அந்த விளையாட்டில், மீசை அரும்பும் பருவத்துப் பையன்களைப் பார்த்து, இவன் பிற்காலத்தில் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று சொல்லுவதையே ஜீவனோபாயமாகக் கொண்ட மனிதர்கள் உண்டு என்று கேள்விப்பட்ட நாள் முதல், அவர்களில் ஒருவரையாவது நேரில் பார்க்க வேண்டுமென்ற ஆசை எனக்கு இருந்துவந்தது. டொராண்டோவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஒரு ஜனவரி மாதத்தில் அந்தச் சந்தர்ப்பம் வாய்த்தபோது, குளிரைப் பொருட்படுத்தாமல் பீட்டர்பரோவுக்குப் புறப்பட்டுவிட்டேன்.

டொராண்டோவுக்கு வடகிழக்கே காரில் ஒன்றரை மணி நேரப் பிரயாணத்தில் இருக்கும் அந்த ஊர் பெரிதல்ல. ஆனால் 1956-ல் திறக்கப்பட்ட அதன் மெமோரியல் சென்டர் அரங்கில் ஆடும் 'பீட்ஸ்' இளைஞர் குழுவிலிருந்து போனவர்தான், 1983-ல் டெட்ராய்ட் குழு நான்காவது ஆளாக எடுத்துக்கொள்ள, பின்னர் நெடுங்காலம் அதன் தலைவராக நின்று மூன்று முறை ஸ்டான்லி கோப்பையை வென்ற ஸ்டீவ் ஐசர்மன். இப்படிப் பையன்களை எடுத்துக்கொள்ளும் சடங்குக்கு 'டிராஃப்ட்' என்று பெயர். 1963-ல் மான்ட்ரியலில் முதன்முதலாக நடந்தபோது 21 பேரே எடுக்கப்பட்டார்கள். இன்று 32 தொழில்முறைக் குழுக்கள் ஏழு சுற்றுக்களில் 224 பேரைப் பெயர் சொல்லி எடுக்கின்றன. அந்தப் பெயர்களை முன்கூட்டியே தேடிப் பிடித்துத் தருவதற்காக ஊர் ஊராக அலைகிறவர்தான் 'ஸ்கௌட்'.

நான் சந்தித்த ஸ்கௌட் அறுபதைத் தாண்டியவர். தம் பெயரையும் குழுவையும் எழுதக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பேசவே இசைந்தார். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே வந்து, ஆட்டக்காரர் பட்டியலை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு, காகிதக் கோப்பையில் காப்பியுடன் மேல் வரிசையின் மூலை ஆசனத்தில் அமர்ந்தார். "கீழே உட்கார்ந்தால் வட்டைத்தான் பார்க்கத் தோன்றும், மேலே உட்கார்ந்தால் பையனைப் பார்க்கலாம்" என்றார். கையிலிருந்தது பென்சில். காரணம் கேட்டேன், தம் தொழிலில் அழிப்பதும் வேலைதான் என்றார்.

பையன்கள் பழகிக்கொள்ளத் தளத்தில் இறங்கியதும், சந்தையில் விவரம் தெரிந்தவர் மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பதுபோல, அவருடைய கண்கள் பாதங்களையே தொடர்ந்தன. இடப்புறம் திரும்பும்போது காலணியின் அலகில் முழு உடம்பையும் நம்பிச் சாய்கிற பையன், வலப்புறம் திரும்புகையில் சற்றே நிமிர்ந்து வேகத்தை இழப்பதை அவர் காட்டியபிறகே நான் கண்டேன்.

ஆட்டம் தொடங்கியது. ஓங்கிய தோளும் உரத்த தேகமுமாக இருந்த ஒருவன் இரண்டு கோல் போட்டான். ஜனங்கள் எழுந்து நின்று ஆரவாரித்தார்கள். எங்கள் ஸ்கௌட் ஒன்றும் எழுதவில்லை. ஒல்லியான தடுப்பாட்டக்காரன் ஒருவன், தன் எல்லையின் மூலைக்குப் போய்விட்ட வட்டை எடுக்கப் பின்னோக்கி விரைந்தபோதுதான் பென்சில் அசைந்தது. வட்டை அடைவதற்குள் அந்தப் பையன் இரண்டு முறை தோளுக்குமேல் தலையைத் திருப்பி, துரத்தி வருகிறவன் எந்தப் பக்கம், தன் கூட்டாளி எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டான். ஆகவே வட்டு கைக்கு வந்த கணத்தில் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லாமல், ஒரே தட்டில் அதைக் கூட்டாளியிடம் அனுப்பி ஆபத்தைக் கடந்தான். கைதட்டுவார் யாருமில்லை. பிறகு ஒரு தவறு செய்து பெஞ்சுக்குத் திரும்பியபோது, அவன் மட்டையை வீசினானா, யாரையாவது முறைத்தானா என்பதையும் ஸ்கௌட் கவனித்தார். அவன் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் அவர் பட்டியலை விரித்து இருவருடைய பிறந்த தேதிகளையும் காட்டினார். செப்டம்பர் 15-க்குள் பதினெட்டு நிரம்புகிறவர்கள் அந்த ஆண்டு டிராஃப்ட்டுக்கு உரியவர்கள். கோல் போட்டவன் முந்திய ஆண்டின் அக்டோபரில் பிறந்து ஒரு வருஷம் காத்திருந்தவன். ஒல்லிப் பையன் அதற்கடுத்த ஆகஸ்டில் பிறந்தவன். ஒரே வரிசையில் நிற்கும் இருவருக்குள் பத்து மாத வித்தியாசம். பதினேழு வயதில் பத்து மாதம் என்பது எலும்பிலும் தசையிலும் எவ்வளவோ!

டிராஃப்ட்டுக்கு முன்பாக பஃபலோ நகரில் தேர்ந்த பையன்களைக் கூட்டிவைத்து, சைக்கிள் மிதிக்கச் சொல்லி மூச்சையும், இறுக்கச் சொல்லிப் பிடியையும், தாண்டச் சொல்லிக் காலையும் அளக்கிறார்கள். இத்தனை பரீட்சைக்குப் பின்னும் தொழிலின் சரித்திரம் தவறுகளால் நிறைந்தது. 1993-ல் ஒட்டாவா முதலாவதாக எடுத்த அலெக்ஸாந்த்ர் டேகில் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை; இரண்டாவதாகப் போன கிறிஸ் ப்ராங்கர், இதே பீட்டர்பரோ அரங்கில் ஆடியவர், 2000-ல் தொழில்முறை லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்குரிய ஹார்ட் பரிசைப் பெற்றார். 1998-ல் 170 பெயர்கள் வாசிக்கப்பட்ட பிறகே, டெட்ராய்ட் பாவெல் தட்சூக்கை எடுத்தது. அவர் தம் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரானார். "அந்த 170 முறையும் எங்களில் யாரோ ஒருவர் உறுதியாகத்தான் பேசியிருப்பார்" என்று சொல்லி அவர் சிரித்தார்.

ஆட்டம் முடிந்தது. மறுநாள் கிங்ஸ்டனில் இன்னோர் ஆட்டம் இருந்ததால் அவர் அந்த இரவே பனியில் புறப்படவேண்டியிருந்தது. விடைபெறுமுன் ஒல்லிப் பையனைப் பற்றி என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "மறுபடியும் பார்க்க வேண்டும்" என்று ஒரே வரி எழுதியிருந்தது. கோல் போட்டவனுக்கு நேரேயும் அதே வரிதான்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நாம் சொல்லுகிறோம். அந்தப் பழமொழியைப் பொய்யென்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் முளையைப் பார்க்கிறவர், விதைத்த தேதியையும் கேட்டுக்கொண்டுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.