என் பல்லும் கம்பி வேலியும்

போன வருஷம் வரை என்னைக் 'கம்பி வேலி' என்று கூப்பிட்டவர்கள் யார் யார் என்று எல்லோருக்கும் தெரியும். கோபம் இல்லை. ஆனால் கீழ் வகுப்பில் ஒரு தங்கை இப்போது கிளிப் போட்டுக்கொண்டு, கையால் வாயை மூடியபடி நடக்கிறாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தெத்துப்பல். குரூப் போட்டோவில் சிரிக்கவே மாட்டேன். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் கிளிப் போட்டார்கள். முதல் மூன்று நாள் இட்லியைக்கூட மெல்ல முடியவில்லை. கஞ்சிதான்! இரண்டாவது மாதம் ஒரு ராத்திரி நாக்கால் தொட்டுப் பார்த்தேன். முன்பல் லேசாக ஆடியது! "நல்லா இருந்த பல்லைக் கெடுத்துட்டாங்களே" என்று பாட்டி புலம்பினார். அப்பா சீட்டுப் பணம் எடுத்து ஃபீஸ் கட்டியது ஞாபகம் வந்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுச் சிரித்தார். "பல்லு சுவத்துல அடிச்ச ஆணி இல்லம்மா" என்றார்.

பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்ப்படலம் உண்டு. தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். கம்பி தள்ளும்போது, பல் போகிற பக்கம் இந்தப் படலம் நசுங்கும். அங்கே ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் வந்து எலும்பைக் கரைக்கும். எதிர்ப்பக்கம் நார்கள் இழுபடும். அங்கே ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புது எலும்பு கட்டும். ஒரு பக்கம் இடிக்கிறவர், மறுபக்கம் கட்டுகிற கொத்தனார்! வேலை நடக்கும்போது பல் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். 1904-லேயே சாண்ட்ஸ்டெட் என்ற ஸ்வீடன்காரர் நாய்களின் பற்களை நகர்த்தி, எலும்பை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இதை எழுதியிருக்கிறார்.

"அப்போ ஆண்டு விழாவுக்குள்ள முடியிற மாதிரி இன்னும் டைட் பண்ணுங்க டாக்டர்" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ரொம்ப அழுத்தினால் படலத்தில் ரத்த ஓட்டம் நின்று, அங்குள்ள செல்கள் செத்துவிடுமாம். உடம்பு அதைச் சுத்தம் செய்யும்வரை பல் நகராது. வேரும் கரையலாம். மெதுவாகப் போனால்தான் மாதம் சுமார் 1 மில்லிமீட்டராவது நகரும். அவசரப்பட்டால் அதுவும் கிடையாது!

ஒன்றரை வருஷம் கழித்துக் கம்பியைக் கழற்றினார்கள். கதை முடிந்தது என்று நினைத்தேன். சித்தி வீட்டுக்குப் போனபோது ரீடெய்னரை மறந்துவிட்டு, இரண்டு வாரம் போடவே இல்லை. திரும்பி வந்து போட்டால் உள்ளே போக மறுத்தது! ஈறில் இருக்கும் நார்கள் பழைய இடத்துக்கே பல்லை இழுக்குமாம். எலும்பு மாறினாலும் ஈறு அவ்வளவு சீக்கிரம் மாறாது. நல்லவேளை, கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது. அப்பாவிடம் இன்னொரு சீட்டு கிடையாது.

தங்கச்சி, பல் ஆடினால் டாக்டரிடம் காட்டு, ஆனால் பயந்து அழாதே. உள்ளே கொத்தனார் வேலை செய்கிறார். சீக்கிரம் கையை எடுத்துவிட்டுச் சிரி.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மதியம் என் டிபன் பாக்ஸ் பக்கத்தில் சின்ன டப்பா இருந்தால் குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்குள்தான் என் ரீடெய்னர் இருக்கிறது!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி