தவுண் வெட்டும் காலம்

திருச்செந்தூரிலிருந்து உடன்குடிக்கு இரண்டு வழி. கடலோரமாகக் குலசேகரன்பட்டினம் போய் உள்ளே திரும்பலாம். பரமன்குறிச்சி வழியாகவும் போகலாம். நான் போனது கடலோர வழி. கார்த்திகை இரண்டாவது வாரம், மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதே ஊரில் வெள்ளைக்காரர் காலத்தில் கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை இருந்தது. அந்த ஆலைக்காகச் சிறு ரயில் ஒன்று திசையன்விளை வரைக்கும் ஓடியது. ஒரு பனைக்காட்டை நம்பி ரயில் விட்டிருக்கிறார்கள் என்றால் அன்றைக்கு இங்கே எத்தனை மரம் நின்றிருக்கும்!

நான் பிறந்தது சாத்தான்குளம் பக்கம். வேலை பார்ப்பது தஞ்சாவூர் மாவட்டத்தில், நெல்லுக்கும் உளுந்துக்கும் நடுவில். இந்த முறை ஊருக்குப் போனதற்கு ஒரு வாசகர் கடிதமும் காரணம். இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் சில என் கைக்கும் வரும். பெரும்பாலும் குருத்துப்பூச்சி, மானியம், பயிர்க் காப்பீடு. அவற்றுக்கு நடுவே டெல்டாவிலிருந்து ஒருவர், "வாய்க்கால் கரையில் பனங்கொட்டை கிடக்கிறது. என் பேரப்பிள்ளைகளுக்குத் தவுண் வெட்டிக் கொடுக்க ஆசை. எந்த மாதத்தில் வெட்ட வேண்டும் என்பது மறந்துவிட்டது" என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

உடன்குடிக்கு வடமேற்கே குதிரைமொழித் தேரி. தேரி என்றால் காற்று கொண்டுவந்து குவித்த செம்மணல் மேடு. மணலின் மேல் இரும்புச் சத்து படிந்து அந்தச் சிவப்பு நிறம் வந்தது. மழை பெய்தால் அரை மணி நேரத்தில் தண்ணீர் உள்ளே போய்விடும், காலில் சேறு ஒட்டாது. இந்த மணலில் நெல் விளையாது. பனையும் கொல்லாமரமும் முருங்கையும் நிற்கும். தேரியின் ஓரத்தில் இருக்கும் தோப்புகளை இந்தப் பக்கத்தில் விளை என்பார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்தது இந்த விளைகளில் நிற்கும் மரங்கள்தான்.

அப்படி ஒரு விளையில், வேலியோரம், கிழங்குப் பாத்தி ஒன்று கண்ணில் பட்டது. இடுப்புக்குச் சற்றுக் கீழே உயரம், பத்தடி நீளம். பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா ஓலை பொறுக்கிக்கொண்டிருந்தார். என் கூட அக்கா பேரன் வந்திருந்தான், ஏழு வயது.

"எப்ப போட்டது பெரியம்மா?" என்றேன்.

"ஆவணி கடைசில. சாரு எந்த ஆபீசு?"

ஊர்ப் பெயரைச் சொன்னதும் 'சாரு' போய் 'தம்பி' ஆகிவிட்டேன்.

"தவுண் விழுந்திருக்குமா?"

"இப்ப வெட்டினா தவுண். தைக்கு விட்டா கிழங்கு. ரெண்டும் வேணும்னா எப்படி தம்பி?"

இந்த ஒரு வரிக்குள் ஒரு பாடமே இருக்கிறது. வேளாண்மைக் கல்லூரியில் இதையே வேறு வார்த்தையில் படித்தேன். பனங்கொட்டை முளைக்கும்போது, தென்னை மாதிரி குருத்து மேலே வராது. கொட்டையிலிருந்து குழாய் போல ஒரு தண்டு மண்ணுக்குள் இறங்கும். அதன் நுனியில்தான் கிழங்கு உருவாகும். கொட்டைக்குள் ஓட்டை ஒட்டிக் கல் போலப் பருப்பு இருக்கிறது அல்லவா, அதைக் கரைத்துக் கீழே அனுப்ப ஒரு உறுப்பு வேண்டும். கொட்டையின் நடுவில் பஞ்சு உருண்டையாக வளர்ந்து அந்த வேலையைச் செய்வதுதான் தவுண். யாழ்ப்பாணத்தில் பூரான் என்பார்கள். பருப்பின் இனிப்பை எல்லாம் இது உறிஞ்சி வைத்திருக்கும். அது கீழே இறங்கி முடிந்தால் கிழங்கு திரளும், தவுண் வற்றிப் போகும். தைப்பொங்கலுக்குக் கிழங்கு பிடுங்கும்போது கொட்டையை வெட்டிப் பாருங்கள். பாதி வெறும் கூடாகவோ உள்ளே கறுத்தோ இருக்கும். பிந்தி முளைத்த சிலவற்றில் மட்டும் நல்ல தவுண் கிடைக்கும்.

ஆகவே தவுண் தின்பது என்றால் ஒரு கிழங்கைத் தின்று தீர்ப்பது. அதனால்தான் அது கடைக்கு அதிகம் வருவதில்லை. கிழங்கைக் கட்டுக் கட்டாக விற்கலாம். தவுணை வெட்டிய இடத்திலேயே தின்ன வேண்டும். மறுநாள் வைத்தால் நிறம் மாறிச் சவசவத்துவிடும். விலையில்லாத பண்டம், பிள்ளைகளுக்கு மட்டும் உரியது.

எங்கள் வீட்டில் ஆச்சி பாத்தி போடும்போதே கடைசி இரண்டு வரிசையைத் தனியாக ஒரு ஓலைக் கீற்றை நட்டு அடையாளம் வைப்பார். அது பிள்ளைப் பங்கு. மற்ற வரிசையில் கை வைத்தால் தோல் உரிந்துவிடும். கார்த்திகை தீபத்தன்று காலையில் அந்த வரிசையைத் தோண்டுவோம். தாத்தா வெட்டரிவாளோடு உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் ஓலைக் கொழுக்கட்டை, காலையில் தவுண். அந்த நாளில் தீபாவளிகூட எங்களுக்கு இதற்கு அடுத்துத்தான். ஆச்சி ஒரு கிழங்கை இழக்கத் துணிந்த ஒரே இடம் அது. காசு எண்ணும் பெண்மணி, ஆனாலும் வருஷா வருஷம் அந்த இரண்டு வரிசையைக் கணக்கில் சேர்க்கவே மாட்டார்.

அந்தப் பெரியம்மாவும் ஓரத்திலிருந்து ஐந்து கொட்டையைக் கிளறி எடுத்துப் போட்டார். "பிள்ளை வந்திருக்கு, பாக்கட்டும்" என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்சட்டையை மடித்துக்கொண்டு மணலில் குத்தவைத்தேன். தூரத்தில் ஒருவர் நின்று பார்த்தார். நிற்கட்டும். வெட்டரிவாள் கனமானது, கொட்டையோ நார் மூடியது, ஒரு வெட்டில் பிளக்காவிட்டால் நழுவி ஓடும். கட்டை மேல் வைத்து, கையை எடுத்துவிட்டு, ஓங்கி ஒரே போடு. இரண்டாகப் பிளந்தது. வெள்ளைப் பருப்பு வளையம், நடுவில் வெளிர் மஞ்சள் உருண்டை. அரிவாள் நுனியால் நெம்பினால் முழுசாக வந்து கையில் விழுந்தது.

கடித்தால் நொறுக்கென்று ஒரு சத்தம், பிறகு பஞ்சு போல நசுங்கி இனிப்புத் தண்ணீர் வரும். இளநீர் வழுக்கையும் இல்லை, தேங்காய்ப்பூவும் இல்லை. ஓரத்தில் லேசாக எண்ணெய் வாசம். எனக்கு 54 வயது. அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டத்துக்கு வைக்கும் பிஸ்கட்டை சர்க்கரைக்குப் பயந்து தள்ளி வைப்பவன். அன்றைக்கு இரண்டு உருண்டை தின்றேன். மூன்றாவதைப் பையனிடமிருந்து பிடுங்கப் போனேன், அவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். பெரியம்மா சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கடைசியாக இப்படிச் சிரித்தது எப்போது என்று நினைத்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

"இப்ப உள்ள பிள்ளைய இதைத் திங்குதா பெரியம்மா?"

"வெட்டிக் குடுத்தா திங்கும். வெட்ட யாரு இருக்கா?"

அவர் மகன்கள் இருவரும் வெளியூரில். பனை ஏற ஆள் இல்லாமல் விளையில் பாதி மரங்களில் பாளை சீவி வருடங்கள் ஆகின்றன. ஏறாத மரத்தில் காய் முற்றிப் பழுத்து விழும். ஆகையால் கொட்டைக்குப் பஞ்சமில்லை. பொறுக்கவும் பாத்தி போடவும்தான் ஆள் இல்லை. செங்கல் சூளைக்கு மரம் போன கதை எல்லோருக்கும் தெரிந்ததே. 2021-ல் முதன்முதலாகத் தனியே வந்த வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றார்கள். நல்லதுதான். பனை விதையும் கொடுக்கிறோம். வாய்க்கால் கரையில் நட்ட விதை பாளை விட்டு ஆணா பெண்ணா என்று சொல்லவே பன்னிரண்டு பதினைந்து வருடம் ஆகும். அதுவரை அந்த வடலியைக் காப்பாற்றப் போவது அதில் ஏதாவது ஒன்றைத் தின்று ருசி கண்ட ஒருவனாக இருந்தால்தான் உண்டு. அரசாணையை நம்பி மரம் வளர்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

கடிதம் எழுதிய வாசகருக்கும் அவரைப் போன்ற டெல்டாக்காரர்களுக்கும் சில செய்திகள். உங்கள் மண் களி. தேரி மணலில் கிழங்கு நேராக இறங்கும், உங்களிடம் முட்டி வளையும், தண்ணீர் நின்றால் கொட்டை அழுகும். அதனால் மேட்டில் பாத்தி போடுங்கள். பாதிக்குப் பாதி மணல் கலந்து, இரண்டடி உயரத்துக்குக் குவியுங்கள். பத்தடிக்கு மூன்றடிப் பாத்தியில் இருநூறு கொட்டைக்கு மேல் அடங்கும். ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தைச் சதை நீக்கி, கண் கீழே இருக்கும்படி நெருக்கமாக அடுக்கி, நாலு விரல் மண் போட்டு ஓலையால் மூடினால் போதும். மழையே பார்த்துக்கொள்ளும். மழை தப்பினால் மட்டும் தெளிக்கலாம். உரம் எதுவும் வேண்டாம், சாப்பாட்டை அது கொட்டைக்குள்ளேயே கொண்டுவருகிறது. பாத்தி போட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் ஒரு கொட்டையை வெட்டிப் பாருங்கள். உருண்டை ஓட்டை நிறைத்திருந்தால் அதுதான் நேரம். சின்னதாக இருந்தால் பத்து நாள் பொறுங்கள். வெட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள், வெட்டரிவாள் விளையாட்டுச் சாமான் இல்லை. நெம்பி எடுக்கும் வேலையை ஒரு கரண்டிக் காம்போடு அவர்களிடம் விட்டுவிடுங்கள். அதில்தான் பாதி ருசி. மீதி வரிசைகளைத் தைக்கு விடுங்கள். கிழங்கை மஞ்சள், உப்புப் போட்டு அவித்தால் பொங்கலுக்கு ஆகும்.

கிளம்பும்போது பெரியம்மாவிடம் காசு கொடுக்கப் பார்த்தேன். "தவுணுக்குக் காசு வாங்கினதா எங்க கேட்டிருக்க?" என்று கையைத் தள்ளிவிட்டார். பிறகு பாத்தியிலிருந்து இன்னும் ஆறு கொட்டையை மண்ணோடு ஓலைப்பெட்டியில் போட்டுக் கொடுத்து, தஞ்சாவூர் போய்ச் சேரும் மட்டும் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பையன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். உடன்குடி தாண்டுவதற்குள் மூன்று தடவை கேட்டுவிட்டான், இதில் எத்தனை என் பங்கு என்று.