குளிர்பதனப் பெட்டியில் ஆட்டு முடி

எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், கறிவேப்பிலைக்கும் தோசை மாவுக்கும் நடுவே, நெகிழிப் பையில் சுருட்டிய இரண்டு நீளப் பட்டைகள் இருக்கின்றன. அம்மா அவற்றை “அந்த ஆட்டு முடி” என்றுதான் சொல்வார். வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது தண்ணீர் எடுக்கப் பெட்டியைத் திறந்தால், “அந்தப் பையைத் தொடாதீங்க, அது அவளோடது” என்று முந்திக்கொள்வார்.

அம்மா சொல்வது பொய்யில்லை. அது அங்கோரா ஆட்டின் முடியில் செய்த மோஹேர் துணி. ஒரு பக்கம் பசை. மறுபக்கம் ஒரே திசையில் படிந்த முடி. பனிச்சறுக்குப் பலகையின் அடியில் அதை ஒட்டிக்கொண்டால், முன்னே தள்ளும்போது வழுக்கும். பின்னால் சரியப் பார்க்கும்போது முடி சிலிர்த்துப் பனியைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியை நம்பித்தான் மலைமேல் நடந்து ஏறுகிறோம். மேலே போனதும் அதை உரித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சறுக்கி இறங்குகிறோம். கம்பிவட நாற்காலி கிடையாது, நுழைவுச்சீட்டு வரிசை கிடையாது. ஸ்கி டூரிங் என்று இதற்குப் பெயர். ஒரு காலத்தில் கடல்நாய்த் தோலைக் கட்டிக்கொண்டு ஏறியதால், இந்தப் பட்டையை இன்றும் ‘ஸ்கின்’ என்றே அழைக்கிறார்கள்.

காலையில் பாட்டும் போக்குவரத்து நிலவரமும் மாறி மாறிச் சொல்லிப் பிழைக்கும் ஒரு சிங்கப்பூர் வானொலிப் படைப்பாளருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். அப்பாவும் கேட்டார். நான் ஊடகவியல் படித்தது நியூசிலாந்தின் டனிடினில், ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில். குளிர்கால வார இறுதிகளில் நண்பர்கள் காரில் திணித்து வனாக்காவுக்கு அழைத்துப் போவார்கள். முதல் ஆண்டு முழுவதும் விழுந்தேன். இரண்டாம் ஆண்டு விழாமல் இறங்கினேன். அதற்குப் பிறகு விட முடியவில்லை. இப்போதும் ஆகஸ்ட்டில் தேசிய தின நேரலை முடிந்ததும் விடுப்பு எடுத்துக்கொண்டு, கிறைஸ்ட்சர்ச் வரை விமானம், அங்கிருந்து லிண்டிஸ் கணவாய் வழியாகக் கார் என்று கிளம்பிவிடுகிறேன். நம் ஊரில் வெயில் கொளுத்தும் ஆகஸ்ட் அங்கே நல்ல பனிக்காலம்.

வனாக்காவில் ஒரு கடை இருக்கிறது. பெயர் வேண்டாம், அவருக்கு விளம்பரம் பிடிக்காது. முன்னால் நாலு அலமாரி, பின்னால் பட்டறை. 2023இல்தான் முதன்முதலாக உள்ளே போனேன். என் ஸ்கின் கெட்டுப்போயிருந்தது. வீவக வீட்டின் பண்டக அறையில், ஆண்டு முழுவதும் வெக்கையில் கிடந்து, பசை இளகிப் பாகாகியிருந்தது. பலகையிலிருந்து உரித்தால் பசை பலகையிலேயே தங்கிவிட்டது. மறுபடி ஒட்டினால் ஒட்டவில்லை. பாதி மலையில் இது கழன்றால் ஏறவும் முடியாது, இறங்குவதும் பெரும்பாடு.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். பட்டையை முகர்ந்து பார்த்து, “எங்கே வைத்திருந்தீர்கள்?” என்றார். சொன்னேன். சிரிக்கவில்லை. பழுப்புக் காகிதத்தை மேலே விரித்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்துப் பழைய பசையைக் காகிதத்துக்கு ஏற்றி உரித்தெடுத்தார். பிறகு புதுப் பசை. ஒரு மணி நேர வேலை. ஊருக்குப் போனதும் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொன்னவர் அவர்தான்.

பசை ஆறும்வரை சும்மா இருப்பானேன் என்று, டூரிங் பூட்ஸ் போட்டுப் பார்த்தேன். அதுவரை தோழியின் பழைய ஜோடிதான். அவர் முதலில் என் காலை அளந்து ஓர் அட்டையில் குறித்துக்கொண்டார். பிறகு பூட்ஸின் உள்ளுறையை உருவிவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விடச் சொன்னார். விரல்கள் முன்னால் இடிக்கும்வரை தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் தன் விரலை நுழைத்து இடைவெளி பார்த்தார். “24.5” என்றார். இந்தக் காலணிக்கு அளவு என்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். நாலு மாடல் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, ஐந்தாவதில் நின்றோம். 1,150 நியூசிலாந்து வெள்ளி.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் வேறொருவரைக் கவனிக்கப் போன நேரத்தில், பெட்டியின் மேலிருந்த ஒட்டுச்சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

சிங்கப்பூர் வந்ததும் இணையத்தில் தேடினேன். அதே பூட்ஸ், ஐரோப்பியத் தளம் ஒன்றில், அங்கே கேட்டதைவிட 400 வெள்ளிக்கும் மேல் குறைவு. ஆனால், அந்த விலை 25.5க்கு மட்டும். ஒரு சைஸ் பெரிதாக இருந்தால்தான் என்ன, தடித்த காலுறை போட்டுக்கொள்ளலாம் என்று பொத்தானை அழுத்தினேன். வானொலியில் எனக்குச் சம்பளம் எவ்வளவு என்று தெரிந்தவர்கள் என்னைத் திட்டமாட்டார்கள்.

2024 ஆகஸ்ட். முதல் நாள் ஏற்றத்திலேயே புரிந்துவிட்டது. இந்த வகைப் பைண்டிங்கில் முன்கால் மட்டும் இரண்டு ஊசி முனைகளால் பிடிக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அடிக்கும் குதிகால் தூக்கி இறங்கும். காலணி சற்றுத் தளர்வாக இருந்தால், அந்தக் குதிகால் உள்ளே உராயும். ஓர் ஏற்றத்தில் ஆயிரக்கணக்கான அடிகள். மாலையில் காலுறையைக் கழற்றினால் இரண்டு குதிகாலிலும் தோல் கூடவே வந்தது.

வேறு கடைக்குப் போயிருக்கலாம். போகத்தான் நினைத்தேன். ஆனால், எல்லாக் கடையும் ஒரே மாதிரி இல்லை. வேறோர் ஊரில், நான் வாய் திறப்பதற்கு முன்பே, வாடகைக் கோட்டு தொங்கும் மூலையைக் கைகாட்டிய கடை ஒன்று உண்டு. என் நிறத்துக்கும் ஸ்கி டூரிங்குக்கும் சம்பந்தம் இருக்காது என்று அவர்களே முடிவுசெய்துவிட்டார்கள். உள்ளூர்க் கடை என்பதற்காக மட்டுமே நான் யாரையும் தூக்கிப்பிடிக்க மாட்டேன்.

ஆகவே, கூச்சத்தோடு பழைய கடைக்கே நொண்டிக்கொண்டு போனேன். என் முகம் அவருக்கு நினைவில்லை. காலைப் பார்த்ததும் நினைவு வந்துவிட்டது. இழுப்பறையிலிருந்து அட்டையை எடுத்தார். 24.5. பூட்ஸைத் திருப்பி அடியில் பார்த்தார். 25.5. அட்டையை மறுபடி உள்ளே வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் தேவலை.

“சின்னதைச் சூடாக்கிப் பெரிதாக்கலாம். பெரியதைச் சின்னதாக்க முடியாது,” என்று மட்டும் சொன்னார். உள்ளுறையைச் சூடாக்கி என் காலோடு அமுக்கினார். கணுக்கால் எலும்பைச் சுற்றி நுரைப்பட்டை வெட்டி ஒட்டினார். அடியில் ஒரு தகடு வைத்தார். இந்தப் பருவத்துக்குத் தாங்கும், அதற்குமேல் நம்பாதீர்கள் என்றார். 40 வெள்ளி கேட்டார்.

பணம் கொடுத்துவிட்டுத் தப்பிக்கப் பார்த்தபோது, நாளைக்கு எங்கே போகிறீர்கள் என்றார். டிரெபிள் கோன் எல்லைக்கு வெளியே, தோழிகள் இருவரோடு என்றேன். “உங்கள் பீக்கனைக் காட்டுங்கள்.”

பீக்கன் என்பது மார்பில் கட்டிக்கொள்ளும் சிறிய வானொலிக் கருவி. 457 கிலோஹெர்ட்ஸ். நம் வட்டாரத்தில் மத்திய அலை ஒலிபரப்பு தொடங்குவது 531இல். அதற்குச் சற்றே கீழே. மலையில் இருக்கும்வரை அது ‘டிக், டிக்’ என்று அலை அனுப்பிக்கொண்டே இருக்கும். பனிச்சரிவில் ஒருவர் புதைந்துவிட்டால், மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, அந்தத் துடிப்பைப் பின்பற்றிப் போய், நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, மண்வாரியால் தோண்ட வேண்டும். மீட்புப் படை வரும்வரை காத்திருக்க முடியாது. முதல் பத்து, பதினைந்து நிமிடங்கள் போனால் உயிரோடு எடுக்கும் வாய்ப்பு சரசரவென்று குறைந்துவிடும். தினமும் ஆயிரக்கணக்கானோரிடம் பேசும் எனக்கு, மூச்சு நிற்கும் நேரத்தில் நேயர்கள் இருவர்தான்.

என்னுடையது, நாடு திரும்பிய ஒருவரிடம் சிங்கப்பூரிலேயே இணையவழி வாங்கிய பழைய பீக்கன். திரையில் மின்கலம் 90 விழுக்காடு என்று காட்டியது. அவர் என் கைப்பேசியை மேசைமேல் வைக்கச் சொன்னார். மின்கருவி பக்கத்தில் இருந்தால் அலை குழம்பும். என்னை வாசலில் நிறுத்திவிட்டு, தன் பீக்கனோடு தெருவில் நடந்தார். நாற்பது மீட்டர் தூரத்திலாவது கேட்க வேண்டியது, பதினைந்தைத் தாண்டுவதற்குள் தொலைந்துவிட்டது. மறுபடி நடந்தார். மறுபடியும் அப்படியே. மின்கல அறையைத் திறந்தால் வெள்ளையும் பச்சையுமாய் உப்புப் பூத்திருந்தது. உள்ளே ஆன்டெனா உடைந்திருக்கலாம் என்றார்.

“இதைக் கட்டிக்கொண்டு உங்களைப் போகவிட மாட்டேன்.” வாடகைக்கு ஒன்று கொடுத்தார். தோழிகளையும் கூப்பிட்டு, வாகன நிறுத்துமிடத்தில் மூவரையும் இருமுறை தேடிப் பார்க்கச் சொன்னார். அதற்குள் கடை மூடும் நேரம் தாண்டிவிட்டது.

மறுநாள் எதுவும் நடக்கவில்லை. பனிச்சரிவு முன்னறிவிப்பில் அபாயம் ஐந்தில் இரண்டாம் நிலை. நாங்கள் ஏறினோம், ரொட்டி தின்றோம், இறங்கினோம். என் மார்பில் அந்த வாடகைக் கருவி நாள் முழுக்கத் துடித்துக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தேடவில்லை.

ஊர் திரும்பியதும் அப்பாவிடம் சொன்னேன். படம் எடுத்த கதையையும் சேர்த்து. அப்பா ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருபது ஆண்டு கடை வைத்திருந்தவர். சீனரும் மலாய்க்காரரும்கூட ‘மாமா கடை’ என்றே அழைத்த கடை. பக்கத்தில் பேரங்காடி வந்த பிறகு, பைகளோடு வரும் அண்டைவீட்டார் அப்பாவின் கண்ணில் படாமலிருக்க, சுற்றிக்கொண்டு அந்தக் கோடி மின்தூக்கிக்குப் போவார்கள். அவர்களே இரவு பத்தரைக்குக் குழந்தையின் பால்மாவுக்கு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அப்பா சாவியை எடுத்துக்கொண்டு கீழே போவார். எனக்குக் கோபம் வரும். அந்தக் கோடி மின்தூக்கியில்தான் நானும் ஏறியிருக்கிறேன் என்று வனாக்காவில் தெரிந்தது.

அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, “ஒட்டி வெட்டித் தந்ததுக்கு எவ்வளவு வாங்குனாரு?” என்றார்.

“நாற்பது வெள்ளிப்பா.”

“கம்மி. கட்டுப்படியாகாதே.” கொஞ்ச நேரம் கழித்து, “கடை சொந்தமா, வாடகையாம்மா?” என்றார். எனக்குத் தெரியவில்லை.

இனி எல்லாவற்றையும் அந்தக் கடையிலேயே வாங்குகிறேன் என்று சொன்னால் பொய். கையுறையும் கண்ணாடியும் இன்றும் இணையத்தில்தான், தள்ளுபடி வந்தால். காலைத் தொடுவது, பலகையில் திருகுவது, மார்பில் கட்டுவது மட்டும் அங்கே. புது பீக்கனுக்கே ஒரு மாதச் சேமிப்பு போனது. வாங்கும் எண்ணமில்லாமல் போட்டுப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

சென்ற ஆகஸ்ட்டில் கிளம்பும்போது, அம்மா சுட்ட முறுக்கில் ஒரு பொட்டலத்தை அப்பா தனியாகக் கட்டித் தந்தார். கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் உணவையும் பழைய பூட்ஸையும் அறிவித்தே ஆகவேண்டும். அதிகாரி பூட்ஸின் அடியில் மண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முறுக்கைப் பற்றித்தான் நிறையக் கேட்டார்.

கடையில் 24.5 போட்டேன். விலை கேட்கவில்லை, சீட்டில் இருந்தது. உள்ளுறைகளைச் சூடாக்கப் போட்டுவிட்டு, இருவரும் பட்டறை மேசையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றோம். அப்பாவின் கேள்வியைக் கேட்டேன்.

“வாடகைதான்,” என்றார். “உங்கள் அப்பாவுக்கு?”

“வாடகைதான்.”

சூடேற்றி மணி அடித்தது. எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, காலை நீட்டச் சொன்னார்.