அழித்த படமும் அழியாத சிறுபடமும்

மாஞ்சோலை போகிற வழியில் மணிமுத்தாறு அருவி. நண்பர்கள் குளித்துவிட்டு எடுத்த நூறு படங்களைக் கணினியில் ஏற்றி போல்டரைத் திறந்தால், ஒவ்வொன்றும் சிறுபடமாக வரிசையில் நிற்கும். ஒவ்வொரு முறையும் அவற்றைப் புதிதாகத் தயாரித்தால் நேரமாகும். அதனால் விண்டோஸ் அவற்றைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. 2001-ல் வந்த எக்ஸ்பியில் அந்தந்த போல்டருக்குள்ளேயே 'தம்ப்ஸ்.டிபி' என்ற மறைகோப்பாக இது இருந்தது. விஸ்டாவிலிருந்து பயனர் கணக்குக்குள் ஒரே இடத்தில் சேர்கிறது.

சிக்கல் இங்கேதான். நனைந்த உடையில் இருக்கும் படம் வேண்டாம், அழித்துவிடு என்று ஒரு தோழி சொல்கிறாள் என்று வையுங்கள். படத்தை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தாயிற்று. ஆனாலும் சிறுபடம் உள்ளேயே தங்கியிருக்கக்கூடும். 256 புள்ளி அகலம் போதும், முகம் அடையாளம் தெரிந்துவிடும். கணினித் தடயவியலில் தேடும் இடங்களில் இதுவும் ஒன்று.

சரி, என்ன செய்யலாம்? டிஸ்க் கிளீனப்பைத் திறந்து 'தம்ப்நெயில்ஸ்' என்பதைத் தேர்ந்து அழிக்கலாம். மூலப்படங்களுக்கு ஒன்றும் ஆகாது. போல்டரைத் திறந்ததும், இருக்கிற படங்களுக்கு மட்டும் சிறுபடம் மறுபடி உருவாகும். பழைய எக்ஸ்பி போல்டர்களை சிடியிலோ பென் டிரைவிலோ காப்பி செய்து வைத்திருந்தால், அவற்றிலும் தம்ப்ஸ்.டிபி இருக்கிறதா என்று பாருங்கள். கணினியையே விற்பதானால் இது போதாது, டிஸ்க்கை முழுதாகத் துடைத்துவிட்டுக் கொடுங்கள். அழிக்கச் சொன்னவள் கேட்டது சிறுபடத்தையும் சேர்த்துத்தான்.